கோணியைக் காட்டச் சொன்னார்கள்

"கோணி எவிடெ?" என்று, பிள்ளைகளைச் சோதிக்கப் பள்ளிக்கு வந்தவர் கேட்டார்.

அவர் கையில் ஒரு படம். வீடு, பக்கத்தில் கிணறு, சுவரில் சாய்த்து வைத்த ஏணி, இரண்டு கோழிகள். ஒன்றாம் வகுப்புப் பையன் படத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். அப்புறம் எழுந்து வகுப்பின் மூலைக்குப் போனான். விளையாட்டுச் சாமான் போட்டு வைக்கும் சாக்கு ஒன்று அங்கே கிடந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தான். வந்தவர் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

மலையாளத்தில் கோணி என்றால் ஏணி. எங்கள் தமிழில் கோணி என்றால் சாக்கு. படத்தில் சாக்கு இல்லை என்று பார்த்து, அது இருக்கும் இடத்தைத் தேடிப் போய்த் தொட்டுக் காட்டிய பிள்ளை, பொருள்களை அடையாளம் காண்பதில் பின்தங்கியவன் என்று பதிவானான். அவன் டீச்சரான நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்ன நடந்தது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. வந்தவர் அவசரத்தில் இருந்தார், இன்னும் பதினெட்டுப் பிள்ளைகள் வரிசையில் இருந்தார்கள், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்தப் பிறகு வரவே இல்லை. சின்னப் பிள்ளைகளிடம் என்ன திறமை இருக்கிறது, அதை எப்படிக் கண்டுகொள்வது, எப்படி அளப்பது என்று நான் தேடத் தொடங்கியது அந்தப் பெருக்கல் குறியிலிருந்துதான்.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். பழைய கொச்சி சமஸ்தானத்து மண். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையோடு போகும் ஊர்களில் வீட்டுப் பேச்சு பெரும்பாலும் கொங்குத் தமிழ். சில வீடுகளில் தெலுங்கு, சில வீடுகளில் கன்னடம். கடைப் பலகை, பஸ் பலகை, ரேஷன் கார்டு பெரும்பாலும் மலையாளம். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் நடத்துனர் ஒரே மூச்சில் இரண்டு மொழியிலும் டிக்கெட் கேட்பார். இங்கே வளரும் பிள்ளை ஐந்து வயதிலேயே இரண்டு மூன்று மொழிகளுக்கு நடுவே நடந்து பழகியிருக்கும். அதுவே ஒரு திறமைதான். ஆனால் எந்தப் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் இருந்து நான் பார்த்ததில்லை.

சரி, அந்தப் பையனுக்கு வருகிறேன். ஜூனில் பள்ளிக்கு வந்தவன் டிசம்பர் வரை வகுப்பில் பேசியது மிகக் குறைவு. கேட்டால் தலையாட்டுவான். எழுதச் சொன்னால் பென்சிலைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பான். நானும் என் மனதுக்குள் ஒரு பெருக்கல் குறி போட்டுத்தான் வைத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜனவரியில் ஒரு விண்ணப்பத்தில் அவன் அம்மாவின் கையெழுத்து தேவைப்பட்டது. அவர் முதலமடைப் பக்கம் ஒரு தோப்பில் மாங்காய் பிரிக்கும் வேலையில் இருந்தார். முதலமடை மாம்பழம் மற்ற ஊர்களுக்கு முன்பே சந்தைக்கு வந்துவிடும். அதனால் டிசம்பர், ஜனவரியிலேயே அங்கே வேலை மும்முரமாகிவிடும். ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன்.

கொட்டகைக்குள் பையன் அம்மாவின் பக்கத்தில் குந்தியிருந்தான். முன்னால் செந்தூர மாங்காய், மூன்று குவியலாக. ஒரு காயை எடுப்பான், காம்புப் பக்கம் கட்டைவிரலால் லேசாக அழுத்துவான், மூக்கருகே கொண்டுபோவான், ஒரு குவியலில் வைப்பான். போடுவதில்லை, வைப்பான். நான் உட்கார்ந்து, "எப்படிக் கண்ணு பிரிக்கறே?" என்று கேட்டேன்.

"இது இன்னைக்கே போகோணுமுங்க டீச்சர். இது மூணு நாள் தாங்கும். இதுல பால் பட்டிருக்குது, கருத்துப் போயிரும், தனியா வெக்கோணும்."

ஆறு மாதத்தில் அவனிடமிருந்து நான் கேட்ட நீளமான பேச்சு அது.

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். நாற்பது நிமிடம். ஒரு தடவை தண்ணீர் குடிக்க எழுந்தான், தானாகவே திரும்பி வந்து உட்கார்ந்தான். பெரியம்மா பையன் ஒரு காயைத் தப்பான குவியலில் வைத்தபோது எதுவும் சொல்லாமல் எடுத்து மாற்றினான். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. அவன் பிரித்து முடித்ததில் பத்துக் காய்களை எடுத்து, அடியில் பேனாவால் சின்னப் புள்ளி வைத்து, எது எந்தக் குவியல் என்று குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கலந்து அவனிடமே திரும்பக் கொடுத்தேன். ஒன்பது அதே குவியலுக்குப் போயின. பிறகு அதே பத்தை அவன் அம்மிச்சியிடம், அம்மாவைப் பெற்றவரிடம், கொடுத்தேன். முப்பது வருடமாக இந்த வேலை செய்பவர். எட்டில் இருவரும் ஒத்துப்போனார்கள்.

அளப்பது என்றால் என்ன என்று நான் உண்மையாகப் புரிந்துகொண்டது அந்தக் கொட்டகையில்தான். பயிற்சி வகுப்பில் இரண்டு சொற்றொடர் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரே ஆள் ஒரே பொருளை மறுபடி அளந்தால் அதே விடை வருகிறதா என்று பார்ப்பது ஒன்று. இரண்டு பேர் தனித்தனியாக அளந்தால் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது இன்னொன்று. தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோனவை அவை. பத்து மாங்காய் அவற்றை மறுபடி என் கையில் கொடுத்தது.

அதற்குப் பிறகு ஒரு நோட்டு போட்டேன். சாதாரண இருநூறு பக்க நோட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டுப் பக்கம். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் "பார்த்தது", வலப்பக்கம் "நினைத்தது" என்று தலைப்பிட்டேன். இந்தக் கோடுதான் உயிர். "நல்ல பொறுமைசாலி" என்று எழுதினால் அது நான் நினைத்தது. "மணி பதினொன்று பத்துக்குப் புளியங்கொட்டையை எடுத்தான், பதினொன்று முப்பத்தைந்துக்கு மணி அடிக்கும் வரை அடுக்கினான், மூன்று தடவை சரிந்தது, மூன்று தடவையும் மறுபடி அடுக்கினான்" என்பது பார்த்தது. முதல் மாதம் என் இடப்பக்கம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. வலப்பக்கம் நிரம்பி வழிந்தது. எத்தனையோ வருடம் பிள்ளைகளைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு தீர்ப்பு மட்டுமே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இருபத்துநான்கு பிள்ளைகள். எல்லோரையும் தினமும் கவனிக்க முடியாது. ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் எல்லோரும் ஒரு தடவை வந்துவிடுவார்கள். யார் இன்றைக்கு என்பதைக் காலையிலேயே ஒரு சின்னத் தாளில் எழுதிப் புடவை மடிப்பில் செருகிக்கொள்வேன். இல்லாவிட்டால் கண் தானாக ஓடிப்போய், துறுதுறுவென்று இருக்கும் நாலு பேரிடமே நிற்கும். வீட்டில் ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம். வாரத்துக்கு மூன்று குறிப்பு போதும். அதற்கு மேல் எழுதப் போனால் பிள்ளையோடு இருப்பது போய் எழுதுவதே வேலையாகிவிடும்.

எண்ணாக நான் குறிப்பது மூன்றுதான். யாரும் சொல்லாமல் தானாக ஒரு காரியத்தில் எத்தனை நிமிடம் நிற்கிறது. அந்த வாரத்தில் எத்தனை தடவை அதற்கே திரும்பி வருகிறது. தப்பாகப் போனபின் எத்தனை தடவை மறுபடி முயல்கிறது. இவற்றோடு, உதவி வேண்டியிருந்ததா என்று ஒரு எழுத்து: தானாகவா, ஒரு வார்த்தை சொன்னபிறகா, கைபிடித்துக் காட்டிய பிறகா. பக்கத்துப் பிள்ளையின் எண்ணோடு இந்த எண்களை நான் ஒப்பிடுவதில்லை. அந்தப் பிள்ளையின் ஜூனோடு அதே பிள்ளையின் அக்டோபரை ஒப்பிடுகிறேன். இதை எழுதும்போது மிகச் சாதாரணமாகத் தெரிகிறது. பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா எதிரில் உட்கார்ந்து, "பக்கத்து வீட்டுப் பொண்ணு எப்படிங்க டீச்சர், நம்ம புள்ளையைவிட நல்லா பண்ணுதா?" என்று கேட்கும்போதுதான் இதைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

எண்ணும் விஷயம் நாமே யோசித்துக் கண்டுபிடித்துக்கொள்ளக்கூடியது. கதை சொல்லும் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் சொல்வதை அப்படியே எழுதிவைத்தேன். ஜூலையில் அவள் கதை முழுக்க "அப்புறம்" தான். நரி வந்துச்சு, அப்புறம் தண்ணி குடிச்சுது, அப்புறம் போச்சு. அக்டோபரில் "ஆனா" வந்தது. ஜனவரியில் "அதனால" வந்தது: "நரிக்குக் காலு நொண்டி, அதனால மெதுவா வந்துச்சு, ஆனா வாசம் மட்டும் முன்னாடியே வந்திருச்சு." அப்புறம், ஆனா, அதனால என்று மூன்றையும் எண்ணிப் பார்த்தால் ஒரு பிள்ளையின் மனம் நிகழ்ச்சிகளை அடுக்குவதிலிருந்து காரணம் தேடுவதற்கு நகர்வது கண்ணுக்கு முன் தெரியும். மதிப்பெண் போட்டிருந்தால் மூன்று தடவையும் "நன்று" என்றே போட்டிருப்பேன்.

படித்ததில் எனக்குப் பயன்பட்டதைச் சொல்கிறேன். ஹோவர்ட் கார்ட்னர் என்ற உளவியலாளர் 1983-ல், அறிவு ஒரே வகையல்ல, பல வகை என்று, பலவகை நுண்ணறிவு என்ற கொள்கையைச் சொன்னார். ஆசிரியர் பயிற்சியில் எல்லோரும் படிப்பதுதான். அந்தக் கொள்கைக்கு ஆதாரம் போதாது என்று உளவியலாளர்கள் பலர் மறுக்கிறார்கள், அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டு, 1984-ல், அவரும் டேவிட் ஃபெல்ட்மனும் தொடங்கிய ஸ்பெக்ட்ரம் என்ற திட்டத்தில் ஒரு வேலை செய்தார்கள். மழலை வகுப்புப் பிள்ளைகளைக் கேள்வித்தாள் முன் உட்கார வைக்காமல், கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். அந்தப் பொருள்களில் ஒன்று, சமையலறையில் கையால் சுற்றி அரைக்கும் சின்ன இயந்திரம். கழற்று, மறுபடி மாட்டு. அவ்வளவுதான்.

எனக்குக் கிடைத்தது அப்பாவின் பழைய சைக்கிள் பெல். மேல் கிண்ணத்தைத் திருகினால் வந்துவிடும். உள்ளே நெம்பு, ஸ்பிரிங், இரண்டு பல்சக்கரம். ஒரு திருப்புளியும் ஒரு தட்டும் வைத்து ஜன்னலோரம் உட்கார வைத்தேன். சின்னச் சாமான்கள் என்பதால் நான் பக்கத்தை விட்டு நகரவில்லை. வீட்டில் வாயில் போடும் வயதில் தம்பி தங்கை இருந்தால் இதைச் செய்ய வேண்டாம்.

பெல்லைத் திரும்ப மாட்டுகிறார்களா என்று பார்க்கத்தான் ஆரம்பித்தேன். இரண்டாம் நாளே அதை விட்டுவிட்டேன், அதைவிடப் பெரிய விஷயங்கள் நடந்துகொண்டிருந்தன. ஒரு பெண் கழற்றிய ஒவ்வொன்றையும் தட்டில் இடமிருந்து வலமாக வரிசையாக வைத்தாள். ஸ்பிரிங் எகிறி மேஜைக்கடியில் விழுந்தபோது தேடி எடுத்து, அதன் இடம் எதுவோ அங்கேயே கொண்டுவந்து வைத்தாள். மாட்டும்போது வலமிருந்து இடமாக வந்தாள். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்து வந்த பையன் மேல் கிண்ணத்தை எடுத்த உடனே சக்கரத்தை மறந்துவிட்டான். கிண்ணத்தை விரல் நுனியில் நிறுத்தித் திருப்புளியால் தட்டினான். விரலை அகலமாக வைத்தால் சத்தம் செத்துப்போகிறது, நுனியில் வைத்தால் நீள்கிறது என்று கண்டுபிடித்துப் பத்து நிமிடம் அதிலேயே இருந்தான். மூன்றாவது ஒருத்தி பெல்லைத் தொடவே இல்லை. கூட நின்ற இரண்டு பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்து, "நீ புடி, நீ திருகு, அவசரப்படாதே சாமி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அம்மிச்சியின் குரல் அப்படியே வந்தது. மூன்று பேருமே பெல்லை முழுதாக மாட்டவில்லை என்று எழுதி முடித்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

மாங்காய்ப் பையன் பெல்லில் ஆர்வம் காட்டவில்லை. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விட்டான். ஒரே ஒரு சோதனையை வைத்துக்கொண்டு யாரையும் முடிவு கட்டக்கூடாது என்பதற்கு அவனே சாட்சி.

வீட்டாரிடம் கேட்பது தனிக் கலை. "உங்க புள்ளைக்கு எதுல திறமை?" என்று கேட்டால் எங்கள் ஊரில் ஒரே பதில்தான்: "அப்படி ஒண்ணுமில்லீங்க டீச்சர், டிவி பார்ப்பான்." கண் பட்டுவிடும் என்ற பயமும் அதில் இருக்கிறது. நான்சூக் பார்க், கிறிஸ்டோபர் பீட்டர்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மூன்று வயது முதல் ஒன்பது வயது வரையான பிள்ளைகளின் பெற்றோர் 680 பேரிடம், உங்கள் பிள்ளையைப் பற்றி எழுதுங்கள் என்று மட்டும் கேட்டார்கள். எழுதி வந்ததிலிருந்து குணங்களை ஆய்வாளர்களே பிரித்தெடுத்தார்கள். இந்த வயதுப் பிள்ளையிடமே கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச் சொல்வதில் பயனில்லை என்பதால் இந்த வழி. அன்பு, இரக்கம், படைப்பூக்கம், நகைச்சுவை இவைதான் பெற்றோர் அதிகம் எழுதியவை. அன்பும் உற்சாகமும் நம்பிக்கையும் நிறைந்த பிள்ளைகளைத்தான் பெற்றோர் மகிழ்ச்சியானவர்களாகவும் சொல்லியிருந்தார்கள். படிப்பு, கணக்கு என்று தேடிக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய திருப்பம். அன்பாக இருப்பதும் ஒரு பலம், அதையும் குறித்துவைக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நானும் கேள்வியை மாற்றினேன். "நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்ததுல இருந்து தூங்கற வரைக்கும் என்ன பண்ணுச்சுன்னு சொல்லுங்க." அவ்வளவுதான். பேச்சு ஆறாக ஓடும். அப்பாவைவிட, அம்மாவைவிட, பாட்டிகள்தான் நன்றாகச் சொல்வார்கள். வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் அவர்கள். ஒரு அப்பத்தா சொன்னார்: "ஆட்டுக்குட்டி பொறந்ததுல இருந்து இவ அதுங்கூடத்தானுங்க. எந்தக் குட்டி பால் குடிக்கல, எது கழியுதுன்னு எனக்கு முந்தி இவளுக்குத் தெரியுது." என் நோட்டில் அந்தப் பெண்ணுக்கு "கவனம் குறைவு" என்று எழுதி வைத்திருந்தேன்.

வீட்டில் ஒருவிதமாகவும் பள்ளியில் வேறுவிதமாகவும் தெரிந்தால் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். தாமஸ் ஆக்கன்பாக்கும் அவர் குழுவும் 1987-ல் பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்கள் பற்றிய 119 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அம்மா, அப்பா போல ஒரே வகையான இருவர் சொல்வதில் ஒத்துப்போகும் அளவு 0.60. பெற்றோர், ஆசிரியர் போல வேறு வேறு இடத்தில் பார்ப்பவர்களிடையே அது வெறும் 0.28. ஒன்று என்பது முழு ஒற்றுமை. பலங்களைப் பற்றி அல்ல, சிக்கல்களைப் பற்றிய கணக்கு இது. ஆனாலும் பிள்ளை இடத்துக்கு இடம் மாறுகிறது, அதனால் மூன்று இடத்திலாவது பார்க்க வேண்டும் என்பதை நான் இதிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பள்ளியில் சமைக்கும் அக்கா எனக்கு மூன்றாவது கண். முட்டை போடும் நாளில் வரிசையின் கடைசியில் நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றி அவர்தான் சொன்னார். "அது பின்னாடி நிக்கறது பசி இல்லாமலா டீச்சர்? ப்ரீ ப்ரைமரிப் புள்ளைங்களுக்கு உரிச்சுக் குடுத்துட்டு வருது." நான் அவளைக் கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

என் பெரிய தவறு வேறொரு பெண் விஷயத்தில் நடந்தது. எண்ணெய் வைத்துப் பின்னிய ஜடை, அட்டை போட்ட புத்தகம், கூப்பிட்ட உடனே எழுந்து நிற்பது. எல்லாக் கட்டத்திலும் அவளுக்கு மிகநன்று போட்டேன். உதவுகிறாளா, ஆம். கற்பனை, ஆம். விடாமுயற்சி, ஆம். நோட்டு போட்ட பிறகு இடப்பக்கத்தைப் பார்த்தால், விடாமுயற்சிக்கு ஒரு குறிப்புகூட இல்லை. கஷ்டமான எதையும் அவள் தொடவே இல்லை. எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920-லேயே இதைக் காட்டியிருக்கிறார். ராணுவ அதிகாரிகள் தங்கள் ஆட்களுக்கு மதிப்பீடு போட்டபோது, ஒருவரிடம் ஒரு குணம் பிடித்துவிட்டால் மற்ற எல்லாக் குணத்துக்கும் சேர்த்தே உயர்த்திப் போட்டார்கள். நானும் ஜடையைப் பார்த்துத்தான் மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

அதோடு நிற்கவில்லை. அவள் அப்பாவிடம், "இவ பிறவித் தலைவி" என்று சொல்லிவிட்டேன். அவர் அதை ஊரெல்லாம் சொன்னார். அடுத்த ஆண்டு வகுப்புத் தலைவி தேர்வில் வேறு ஒருத்தி வந்தபோது இவளுக்கு மூன்று நாள் காய்ச்சல். அம்மா வந்து, "அவங்கப்பா மூஞ்சியைப் பார்க்க பயப்படறா டீச்சர்" என்றார். அன்றிலிருந்து பிள்ளை முன்னாலோ பெற்றோர் முன்னாலோ பட்டம் சூட்டுவதில்லை. "நேத்து பாப்பா அழுதப்போ நீ போய் உட்கார்ந்துக்கிட்டே, நான் பார்த்தேன்" என்று செய்ததைச் சொல்வேன். அதைக் கேட்கும்போது பிள்ளையின் முகம் விரிவதை நீங்களே பாருங்கள்.

பிள்ளையிடமே கேட்கலாமா? "பாட்டு யாருக்கு நல்லா வரும்?" என்று கேட்டால் இருபத்துநான்கு கையும் உயரும். இந்த வயதில் எல்லாம் தன்னால் முடியும் என்றுதான் நம்புவார்கள், நம்பட்டும். நான் தனியாகக் கூப்பிட்டு, "பம்பரம் சுத்த வரலைன்னா யாரைக் கேப்பே? கீழே விழுந்தா யார் பக்கத்துல வரணும்?" என்று கேட்பேன். எல்லோர் முன்னாலும் கேட்டால், பெயர் வராத பிள்ளையின் மனம் நோகும். முட்டை உரித்துக் கொடுக்கும் பெண்ணின் பெயரைப் பதினோரு பேர் சொன்னார்கள்.

விற்பனைக்கு வருகிற சோதனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து விரல் ரேகையையும் பதிவு செய்து, உங்கள் பிள்ளைக்குப் பிறவியிலேயே எந்தத் திறமை இருக்கிறது, எந்தப் படிப்பு சரிவரும் என்று அழகான வண்ண அறிக்கை கொடுக்கிறார்கள். ஒரு கட்டிட வேலைக்காரர் ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வாங்கிய அறிக்கையை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். விரல் ரேகை தாயின் வயிற்றிலேயே உருவாகி அப்படியே நின்றுவிடுவது. பிள்ளை பிறந்தபின் கேட்ட பாட்டு, விளையாடிய மண், பேசிய மொழி எதுவும் அதைத் தொடுவதில்லை. ரேகையிலிருந்து திறமையைச் சொல்ல முடியும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தவித்தேன். கடைசியில் என் நோட்டைத் திறந்து அவர் மகனின் எட்டுப் பக்கத்தையும் படித்துக் காட்டினேன். பையன் கீழே கிடந்த ஓட்டுத் துண்டுகளில் கட்டிய பாலத்தைப் பற்றி வந்தபோது, "என் கரண்டியை எடுத்து விளையாடறான்னு நேத்துதானுங்க அடிச்சேன்" என்று சொல்லிவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

ஆராய்ந்து உருவாக்கிய கேள்வித்தாள்களும் உண்டு. ராபர்ட் குட்மன் 1997-ல் வெளியிட்ட, பலங்களும் சிக்கல்களும் என்ற பெயர்கொண்ட கேள்வித்தாள் உலகெங்கும் புழங்குகிறது. அதில் 25 கேள்விகள். பெயரில் பலம் முன்னால் நின்றாலும் இருபது கேள்விகள் சிக்கலுக்கு, ஐந்துதான் மற்றவருக்கு உதவும் குணத்துக்கு. அவசியமான கருவிதான், எங்கே உதவி தேவை என்று காட்டும். பிள்ளையின் பேச்சிலோ வளர்ச்சியிலோ உண்மையான சந்தேகம் இருந்தால் நோட்டை நம்பி உட்கார வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் எந்தத் தாளாக இருந்தாலும், பிள்ளை வீட்டில் பேசும் மொழியில் கேட்கச் சொல்லுங்கள். கொய்யாவுக்கு மலையாளத்தில் பேரக்கா. எங்கள் பக்கத்துப் பிள்ளை கொய்யாவை அறியும், பேரக்காவை அறியாது. நான் இப்போது வருகிறவர்களிடம் பட்டியலை முன்கூட்டியே வாங்கிப் பார்க்கிறேன். கோணிக்குப் பக்கத்தில் ஏணி என்று பென்சிலால் எழுதிக் கொடுக்கிறேன். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. அன்றைக்கும் கோபித்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு கவலையை மறைக்காமல் சொல்கிறேன். மாங்காய் பிரிப்பதில் பையன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று நான் ஆசையோடு சொன்னபோது அவன் மாமன், "அப்படீன்னா தோப்புக்கே வரட்டுங்க, படிப்பு என்னத்துக்கு?" என்றார். எனக்குப் பகீரென்றது. பலத்தைக் கண்டுபிடித்துச் சொல்வது பிள்ளையை அதே இடத்தில் கட்டிப் போடும் கயிறாகவும் ஆகலாம். "மாங்காயை மட்டும் பார்க்காதீங்க, அந்தக் கண்ணைப் பாருங்க. ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் என்ன வித்தியாசம்னு பார்க்கிற கண்ணு. அது எழுத்துக்கும் ஆகும், எதுக்கும் ஆகும்" என்றேன். சொல்லிவிட்டேனே ஒழிய, ஆகுமா என்று எனக்கே தெரியாது.

திங்கட்கிழமை எழுத்து அட்டைகளைக் கலந்து அவன் முன்னால் கொட்டினேன். எழுதச் சொல்லவில்லை, படிக்கச் சொல்லவில்லை. "பிரி" என்று மட்டும் சொன்னேன். மாங்காயைப் பார்த்த அதே முகத்தோடு பார்த்தான். கொஞ்ச நேரத்தில் ன ஒரு பக்கம், ண ஒரு பக்கம். "இதுக்கு ரெண்டு சுழி, இதுக்கு மூணு சுழிங்க டீச்சர்." ல, ள, ழ மூன்றையும் பிரிக்க இரண்டு நாள் ஆனது. மார்ச்சில் சின்னச் சொற்களைத் தானாகப் படித்தான்.

இப்போது மூன்றாம் வகுப்பு. போன மாதம் என்னிடம் வந்து காலி அட்டை கேட்டான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக என்றான். மலையாளச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் எழுதிக் குவியல் போட்டிருந்தான், மூன்று குவியல். இரண்டு மொழியிலும் ஒன்றாக இருப்பவை ஒரு பக்கம்: மரம், கண், மழை. முழுக்க வேறாக இருப்பவை ஒரு பக்கம்: கொய்யா, பேரக்கா. சத்தம் ஒன்று, பொருள் வேறு என்பவை தனியாக: கோணி, வெள்ளம் (மலையாளத்தில் தண்ணீர்), சக்கை (மலையாளத்தில் பலா). கோணி அட்டையின் ஒரு பக்கம் சாக்கும் மறுபக்கம் ஏணியும் வரைந்திருந்தான். சாக்கின் வாயைக் கட்டிய கயிறுகூட விடுபடவில்லை.

கையில் ஒரு அட்டையை வைக்காமல் வைத்துக்கொண்டிருந்தான். வாங்கிப் பார்த்தேன். மாங்காய்.

"அவங்க காயா இருந்தாலும் பழுத்திருந்தாலும் மாங்ஙான்னுதான் சொல்றாங்க. நம்ம காயை மட்டுந்தான் சொல்றோம். ஒண்ணு மாதிரியும் இருக்குது, வேற மாதிரியும் இருக்குதுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு குவியல்களுக்கு நடுவில் குந்தினான்.